குளத்தடிச் சேற்றில் பார உலோகம்: திருகோணமலையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

குளத்தின் அடிச்சேற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் சில நாட்களில் எண்கள் வந்துவிடும்: செம்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு, கட்மியம் இவ்வளவு. அந்த எண்கள் கூடியவையா குறைந்தவையா என்று ஆய்வுகூடம் சொல்லாது. மனிதர் கலப்பதற்கு முன் அந்தச் சேற்றில் இயல்பாக எவ்வளவு உலோகம் இருந்தது என்று தெரிந்தால்தான் "மாசு" என்ற சொல்லையே பயன்படுத்த முடியும். பலர் கடைசி நாளில் யோசிக்கும் இந்த இயல்பளவை முதல் நாளே தேடத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில் இதன் தேவை மிக அதிகம். சேருவிலப் பகுதியில் செம்பும் மக்னற்றைற்று என்ற இரும்புக் கனியமும் கலந்த படிவு நிலத்தடியில் இருக்கிறது. வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற், உரூத்தைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் நிறைந்திருக்கின்றன. சேருவிலச் சரிவிலிருந்து நீர் வடியும் ஒரு குளத்தில் செம்பு கூடுதலாக இருந்தால் அது பாறை தந்ததாக இருக்கலாம். அதே அளவு கந்தளாய்க் குளத்தில் வந்தால் கதை வேறு. உலகச் சராசரி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் ஒன்றுக்கு அநியாயமாகப் பழி விழும், மற்றது தப்பிவிடும்.

கேள்வியும் குளத்தின் வரலாறும்

முதலில் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இந்தக் குளம் மாசடைந்துள்ளதா?" என்பது போதாது. "வயலிலிருந்து வடியும் நீர் கட்மியத்தைக் கொண்டுவருகிறதா?", "தூர்வாரும் சேற்றை வயலில் போடலாமா?", "கடந்த அரை நூற்றாண்டில் ஈயம் கூடியிருக்கிறதா?" என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு நீர் வரும் வாய்க்கால் வாய்களில் மேற்பரப்புச் சேறு வேண்டும். இரண்டாவதற்கு எடுக்கப்போகும் ஆழம் முழுவதும் வேண்டும். மூன்றாவதற்குக் குழாய் இறக்கி எடுக்கும் உருளை மாதிரி இல்லாமல் முடியாது.

அடுத்து வரலாறு. இதற்குக் கருவி தேவையில்லை. கமக்கார அமைப்பினரோடும் நன்னீர் மீனவர் சங்கத்தாரோடும் அமர்ந்து பேசினால் போதும். குளம் எப்போது தூர்வாரப்பட்டது, எந்தப் பக்கம் மண் வெட்டினார்கள், அணைக்கட்டுக்கு மண் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் அடி வெளியே தெரியும்வரை வற்றியது என்று கேளுங்கள். சிறு குளங்களில் பெரும்பாலானவை ஒருமுறையாவது தூர்வாரப்பட்டிருக்கும். அங்கே ஆழத்துச் சேறு பழையது, மேற்சேறு புதியது என்ற ஒழுங்கு குலைந்திருக்கும். கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நீர் அவ்வளவு வேகத்தில் வெளியேறிய இடத்துக்கு அருகே எடுக்கும் உருளை மாதிரி, அதற்கு முந்திய காலத்தைத் தொடர்ச்சியாகக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அரிப்புக்கு எட்டாத, அமைதியான ஆழப்பகுதியைத் தேட வேண்டும்.

உலோகம் எங்கிருந்து வரக்கூடும் என்றும் ஒரு பட்டியல் போடுங்கள். வயல் சூழ்ந்த குளமென்றால் பொசுபேற்று உரத்தோடு வரும் கட்மியம் முதலில் நிற்கும். வீதியோரமென்றால் ஈயமும், டயர் தேய்மானத்திலிருந்து நாகமும். ஈயம் சேர்த்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. உருளை மாதிரியில் ஈயம் மேல்நோக்கிக் குறைந்து வந்தால் அந்த மாற்றத்தின் சுவடாக இருக்கக்கூடும். மீனவர் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை மறக்க வேண்டாம். சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் நிற்கும் பகுதியை அண்டிய நீர்நிலையென்றால் வனேடியத்தையும் நிக்கலையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். கனமான எரியெண்ணெயில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும்.

எப்போது, எங்கே எடுப்பது

மேற்பரப்புச் சேற்றுக்கு இரண்டு பருவங்களை ஒப்பிடுவது நல்லது: மாரி ஓய்ந்து குளம் நிரம்பிய பெப்ரவரி–மார்ச் ஒன்று, சிறுபோகத்துக்கு நீர் திறந்து குளம் வற்றிய ஓகஸ்ட்–செப்டெம்பர் மற்றொன்று. உருளை மாதிரிக்கு ஒரு பருவம் போதும். கச்சான் வீசும் மாதங்களில் அதிகாலையிலேயே தோணியை இறக்குங்கள். வெயில் ஏறியபின் அலை எழுந்து தோணி ஓரிடத்தில் நிற்காது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. எங்கள் குளங்களில் முதலை உண்டு. கரையோரம் இறங்கி நின்று சேறு அள்ளும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். குளத்தில் இறங்குமுன் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ கமநல சேவை நிலையத்திடமோ அனுமதி பெறுங்கள். கொக்கிளாய் போன்ற சரணாலயமென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

நீர் உள்ளே வரும் இடத்தில் மணல் முதலில் படியும். மென்மையான களி அணைக்கட்டை நோக்கிப் போய் ஆழத்தில் தங்கும். உலோகம் ஒட்டுவது அந்த மென்மையான களியில்தான். ஆகவே எல்லாப் புள்ளிகளையும் வாய்க்கால் வாயில் வைத்தால் குளம் தூய்மையாகத் தெரியும். எல்லாவற்றையும் ஆழத்தில் வைத்தால் அழுக்காகத் தெரியும். நடுத்தரக் குளமொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து புள்ளிகள் போதும் என்பது என் கணிப்பு: ஒவ்வொரு நீர்வரத்திலும் ஒன்று, துருசுகளுக்கு அருகே ஒவ்வொன்று, ஆழப்பகுதியில் மூன்று, மனித நடமாட்டம் குறைந்த கரைப்பக்கம் இரண்டு, எஞ்சியவை இடைவெளிகளை நிரப்ப. இவற்றோடு இரண்டு உருளை மாதிரிகள். தொலைபேசியில் உள்ள ஜிபிஎஸ் இதற்குப் போதுமானது. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் நீரின் ஆழத்தையும் நேரத்தையும் கையால் எழுதிவையுங்கள்.

சேற்றை எடுத்தல்

மேற்சேற்றுக்கு எக்மன் அல்லது வான் வீன் வகைக் கவ்வி பொருத்தமானது. கவ்வி மேலே வந்ததும் நீரை மெல்ல வடியவிட்டு, உலோகச் சுவரில் படாத நடுப்பகுதியிலிருந்து மேல் 5 செ.மீ. சேற்றை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். துருப்பிடிக்காத உருக்கு குரோமியத்தையும் நிக்கலையும் விட்டுச்செல்லக்கூடும். தோணியில் கிடக்கும் நாகம் பூசிய வாளியில் சேற்றைக் கொட்டவே கூடாது. ஒரு புள்ளியில் மூன்று முறை எடுத்துக் கலந்து ஒரு மாதிரியாக்குங்கள். மூன்றும் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரிந்தால் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள்; அந்த வேறுபாடும் ஒரு தகவல்தான்.

உருளை மாதிரிக்குக் கடையில் கிடைக்கும் 63 அல்லது 75 மி.மீ. பிவிசி குழாய் பலருக்குக் கைகொடுக்கிறது. அதைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, மேல்வாயை இறப்பர் அடைப்பானால் இறுக மூடி இழுத்தால் சேறு நழுவாமல் வரும். ஆனால் சில பிவிசி வகைகளில் ஈயச் சேர்மங்கள் கலந்திருக்கும். வசதியிருந்தால் அக்ரிலிக் குழாய் வாங்குங்கள். இல்லையேல் வெட்டிய ஒவ்வொரு வில்லையிலும் குழாயில் உரசிய வெளிவிளிம்பு 3 மி.மீ. அளவைச் சீவி எறியுங்கள். மேல் 10 செ.மீ. வரை ஒவ்வொரு சென்ரிமீற்றராகவும், அதற்குக் கீழே இரண்டு இரண்டாகவும் வெட்டலாம். நிறம், மணம், இலைதழை, சிப்பி, மணல் பட்டை எல்லாவற்றையும் வெட்டும்போதே எழுதுங்கள். அழுகிய முட்டை மணமுள்ள கறுப்புச் சேறு என்றால் அங்கே ஒட்சிசன் இல்லை, சல்பைட்டு இருக்கிறது என்று பொருள். பின்னர் எண்களைப் படிக்கும்போது இந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

புட்டிகளை முந்திய நாளே 10 சதவீத நைத்திரிக்கமிலத்தில் ஊறவைத்து, அயனகற்றிய நீரால் கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகை செல்சியசில் பயணம் செய்யட்டும். இரசத்துக்கென்று எடுப்பதைத் தனியே கண்ணாடிப் புட்டியில் வையுங்கள்.

ஆய்வுகூடத்தில்

ஈரப்பதனை அறியச் சிறு பகுதியை 105 பாகையில் காயவையுங்கள். எல்லா முடிவுகளும் உலர் நிறைக்கே சொல்லப்பட வேண்டும். பகுப்பாய்வுக்கு உரியதை 40 பாகைக்கு மேல் சூடாக்காதீர்கள். அதற்கு மேல் போனால் இரசம் ஆவியாகத் தொடங்கும். காய்ந்ததை 2 மி.மீ. நைலோன் அரிதட்டில் சலித்துக் கல், வேர், சிப்பி நீக்குங்கள். பிறகு 63 மைக்கிரோமீற்றர் அரிதட்டு.

இந்த 63 மைக்கிரோமீற்றர் என்ற எல்லை புல்மோட்டைப் பக்கத்து நீர்நிலைகளில் இரட்டிப்புப் பயன் தருகிறது. இல்மனைற் பெரும்பாலும் மணல் பருமனில்தான் கிடைக்கும். அதன் பளிங்குக்குள் சிறிதளவு குரோமியமும் வனேடியமும் மங்கனீசும் சிறைப்பட்டிருக்கலாம். அவை உயிர்களுக்குக் கிட்டாதவை. மணலோடு சேர்த்துக் கரைத்தால் குரோமியம் ஏறித் தெரியும். சலித்துவிட்டால் அந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். எத்தனை சதவீதம் சல்லடையில் நின்றது என்பதையும் பதிவு செய்யுங்கள். அதோடு 550 பாகையில் நான்கு மணிநேரம் எரித்து இழக்கும் நிறையை அளந்தால் சேதனப் பொருளின் அளவு கிடைக்கும்.

அடுத்தது அமிலத்தில் கரைத்தல். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் 3050பி முறை நைத்திரிக்கமிலம், ஐதரசன் பரவொட்சைட்டு, ஐதரோகுளோரிக்கமிலம் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. 3051ஏ நுண்ணலை அடுப்பில் செய்வது. இரண்டும் சிலிக்கேற்றுப் பளிங்கை முழுமையாகக் கரைக்காது. 3052 முறை ஐதரோபுளோரிக்கமிலத்தோடு எல்லாவற்றையும் கரைக்கும். மாசைத் தேடுவோர்க்கு முதலிரண்டும் போதும் என்றே நினைக்கிறேன். ஐதரோபுளோரிக்கமிலம் தோலில் பட்டால் எலும்புவரை அரிக்கும் அமிலம், பயிற்சியற்றவர் தொடவே கூடாது. ஆனால் ஒரு முறையில் கிடைத்த மாதிரி எண்ணை இன்னொரு முறையில் கிடைத்த இயல்பளவோடு ஒப்பிடுவது தவறு. அறிக்கையில் முறையின் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

0.5 கிராம் சேற்றைக் கரைத்து 50 மில்லிலீற்றராக்கி, கருவி லீற்றருக்கு 0.6 மில்லிகிராம் செம்பு காட்டினால், 0.6ஐ 0.05ஆல் பெருக்கி 0.0005 கிலோகிராமால் வகுங்கள்: கிலோவுக்கு 60 மில்லிகிராம். செம்பு, நாகம், இரும்பு, மங்கனீசு ஆகியவற்றுக்கு சுவாலை வகை அணு உறிஞ்சல் நிறமாலைமானி போதும். கட்மியத்துக்கும் ஈயத்துக்கும் அதே மானியின் காரீயக்குழாய் (கிராபைற்று உலை) வகை அல்லது ஐசிபி-எம்எஸ் எனப்படும் நிறை நிறமாலைமானி வேண்டும். இரசத்துக்குக் குளிர் ஆவி முறை.

தரக் கட்டுப்பாடு இல்லாத எண்ணை நான் பயன்படுத்தமாட்டேன். ஒவ்வொரு இருபது மாதிரிக்கும் சேறு சேர்க்காத ஒரு வெற்று மாதிரி, ஓர் இரட்டை மாதிரி, உலோக அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒரு நியம அடையல் (சேறு) ஆகியவை கூடவே போக வேண்டும். நியம அடையலில் மீட்பு 80 முதல் 120 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். ஆய்வுகூடத்துக்குப் பணம் கட்டுமுன்பே இவற்றின் முடிவுகளையும் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இயல்பளவு

பலரும் 1961இல் துரேகியனும் வெடபோலும் வெளியிட்ட உலகச் சராசரி மாக்கல் (களி இறுகி உருவான பாறை) அளவுகளை எடுத்துக்கொள்கிறார்கள்: கிலோவுக்குச் செம்பு 45, நாகம் 95, ஈயம் 20, கட்மியம் 0.3, குரோமியம் 90, நிக்கல் 68 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது இவை உதவும். ஆனால் நம் மாவட்டத்தின் அடிநிலம் பெரும்பாலும் பழமையான உருமாறிய பாறை, மாக்கல் அல்ல.

உள்ளூர் இயல்பளவைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. உருளை மாதிரியின் அடிப்பகுதியில் உலோகம் மாறாமல் தட்டையாக ஓடும் அடுக்குகளை எடுக்கலாம். ஆனால் அது குளத்துச் சேறுதானா, குளம் கட்டுமுன் இருந்த நிலமா என்று மணல்–களி விகிதத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டாவது, வயலும் வீதியும் இல்லாத காட்டுப்பக்க நீரேந்து பரப்பில், அதே பாறைமேல் இருக்கும் ஒரு சிறு குளத்தின் சேறு. மூன்றாவது, எல்லா மாதிரிகளிலும் உலோகத்தை, களியின் அளவைக் காட்டும் அலுமினியத்துக்கு எதிரே வரைந்து, நேர்கோட்டில் நிற்பவற்றை இயல்பாகவும், மேலே விலகுபவற்றை ஐயத்துக்குரியவையாகவும் கொள்வது. இயன்றால் இரண்டு வழிகளில் செய்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இயல்பளவு தீர்ப்பை எப்படி மாற்றும் என்பதைக் கற்பனை எண்களால் காட்டுகிறேன். முல்லர் 1969இல் தந்த புவித்திரள் சுட்டெண்ணில், மாதிரியின் செறிவை இயல்பளவின் 1.5 மடங்கால் வகுத்து, அடி இரண்டுக்கு மடக்கை எடுக்க வேண்டும். விடை பூச்சியத்துக்குக் கீழே என்றால் மாசில்லை; 0–1 சிறிதளவு; 1–2 நடுத்தரம்; ஐந்துக்கு மேலே மிகக் கடுமை. செம்பு 60 என்று வைப்போம். உலகச் சராசரி 45ஐ இட்டால் விடை −0.17: மாசில்லை. உள்ளூர் இயல்பளவு 20 என்றால் விடை சரியாக 1: நடுத்தர மாசின் வாசல். சேருவிலப் பக்கத்துப் பாறையில் இயல்பளவே 58 என்றால் −0.54: பாறையின் குரல் மட்டுமே. சேறு ஒன்று, எண் ஒன்று, தீர்ப்போ மூன்று.

செறிவூட்டல் காரணியிலும் இதே கவனம் தேவை. அதில் உலோகத்தை இரும்பாலோ அலுமினியத்தாலோ வகுத்து, இயல்பளவின் அதே விகிதத்தோடு ஒப்பிடுகிறோம். புல்மோட்டைப் பக்கத்திலும் மக்னற்றைற்று உள்ள நிலத்திலும் இரும்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கனிய மணலின் இரும்பு வகுக்கும் எண்ணை ஊதிவிட்டு உண்மையான மாசை மறைக்கும். அங்கே அலுமினியமே பாதுகாப்பானது. ஆனால் 3050பி முறை அலுமினியத்தையும் முழுமையாகக் கரைக்காது என்பதால் மாதிரிக்கும் இயல்பளவுக்கும் ஒரே முறை என்ற விதி இங்கே கூடுதல் முக்கியம்.

ஹாகன்சன் 1980இல் தந்த சூழல் அபாயச் சுட்டெண் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு நச்சுக் காரணி தருகிறது: இரசம் 40, கட்மியம் 30, ஆசனிக்கு 10, செம்பு, ஈயம் 5, குரோமியம் 2, நாகம் 1. மாதிரியின் செறிவை இயல்பளவால் வகுத்து இதனால் பெருக்க வேண்டும். 40க்கு மேல் போனால் நடுத்தர அபாயம். கட்மியம் இயல்பளவு 0.3, மாதிரி 0.45 என்றால் விடை 45. கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் வித்தியாசம் "அபாயம்" என்ற சொல்லைக் கொண்டுவந்துவிட்டது! கருவியின் நிச்சயமின்மையே அவ்வளவு இருக்கக்கூடும். கட்மியத்தின் கண்டறி எல்லையைத் தராத அறிக்கையில் இந்தச் சுட்டெண்ணை நம்பாதீர்கள்.

உயிருக்குத் தீங்கா?

மாசு இருக்கிறது என்பதும் தீங்கு செய்கிறது என்பதும் வெவ்வேறு. நன்னீர் அடையலுக்கு 2000ஆம் ஆண்டில் மெக்டொனால்ட் குழுவினர் வெளியிட்ட இரு எல்லைகள் பயன்பாட்டில் உள்ளன. கீழ் எல்லைக்குக் கீழே தீங்கு அரிது; மேல் எல்லைக்கு மேலே தீங்குக்கு வாய்ப்பு அதிகம். கிலோவுக்கு மில்லிகிராமில், கீழ் எல்லை முதலிலும் மேல் எல்லை அடுத்தும்: செம்பு 31.6, 149; ஈயம் 35.8, 128; கட்மியம் 0.99, 4.98; நாகம் 121, 459; குரோமியம் 43.4, 111; ஆசனிக்கு 9.79, 33. தம்பலகாமம் குடா போல உவர்நீர் கலக்குமிடத்துக்கு இவற்றை விட்டுக் கடல் அடையலுக்கான எல்லைகளைப் பாருங்கள்.

இவை புழு, நத்தை, பூச்சிக்குடம்பி போன்ற அடிவாழ் உயிர்களுக்கான எல்லைகள். மனிதர் உடல்நலத்துக்கானவை அல்ல. சேற்றில் கட்மியம் கீழ் எல்லையைத் தாண்டியது என்பதை வைத்து ஊரின் சிறுநீரக நோயை விளக்க முயல்வது பெருந்தவறு. அந்தக் கேள்விக்குக் குடிநீரையும் அரிசியையும் மீனையும் தாமரைக் கிழங்கையும் தனியே அளக்க வேண்டும்.

எங்கள் குளங்களுக்கே உரிய ஓர் ஆபத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீருக்கடியில் ஒட்சிசன் இல்லாத சேற்றில் கட்மியம், நாகம், செம்பு, ஈயம் சல்பைட்டாகப் பிணைந்து அசையாமல் கிடக்கும். செப்டெம்பரில் குளம் வற்றிச் சேறு வெடிக்கும்போது காற்றுப்பட்டு அந்தச் சல்பைட்டு உடைகிறது. முதல் மாரி மழை வந்ததும் விடுபட்ட உலோகம் நீரில் கரைகிறது. ஆகவே மொத்தச் செறிவு மாறாமலேயே அபாயம் பருவத்தோடு மாறும். இதைப் பிடிக்கப் பிசிஆர் (BCR) எனப்படும், உலோகத்தைப் பிணைப்பின் வலிமைப்படி படிப்படியாகக் கரைத்தெடுக்கும் படிமுறைப் பிரித்தெடுப்பு உதவுகிறது: முதலில் லீற்றருக்கு 0.11 மோல் அசற்றிக்கமிலம், அடுத்து ஐதரொட்சிலமீன் ஐதரோகுளோரைட்டு, பின்னர் பரவொட்சைட்டும் அமோனியம் அசற்றேற்றும், இறுதியில் எஞ்சியது. முதல் படியிலேயே வெளிவரும் பங்கு 10 சதவீதத்துக்குள் என்றால் குறைந்த அபாயம், 30ஐத் தாண்டினால் அதிகம், 50ஐத் தாண்டினால் மிக அதிகம். கறுப்புச் சேற்றை இந்தச் சோதனைக்குக் காயவைக்காமல், காற்றுப்படாமல் ஈரமாகவே கொடுங்கள். காயவைத்தால் நீங்கள் தேடும் மாற்றத்தை நீங்களே நிகழ்த்திவிடுகிறீர்கள்.

அறிக்கையும் அடுத்த முறையும்

அறிக்கையில் ஒவ்வொரு புள்ளியின் மூல எண்ணையும் தாருங்கள். சுட்டெண்களை மட்டும் தந்தால் நாளை நல்ல இயல்பளவு கிடைக்கும்போது யாராலும் மறுகணக்குப் போட முடியாது. தூர்வாருவது பற்றிய கேள்வியென்றால் எந்த மூலைச் சேறு வயலுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று வரைபடத்தில் நிறமிட்டுக் கமக்கார அமைப்பிடம் தமிழிலேயே கொடுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி போகட்டும். மீந்த உலர் சேற்றைப் பெயர், திகதி, ஆள்கூறு ஒட்டிய புட்டியில் அடைத்து வையுங்கள்.

மறுபடி எப்போது அளப்பது என்பது சேறு படியும் வேகத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு அரை சென்ரிமீற்றர் படியும் குளத்தில் மேல் 5 செ.மீ. என்பது பத்தாண்டுச் சேறு; அதை ஒவ்வோர் ஆண்டும் அளந்தால் அதே எண்தான் திரும்ப வரும். அப்படிப்பட்ட குளத்தில் ஐந்தாண்டு இடைவெளியில், அதே ஆள்கூற்றில், அதே அமில முறையில், மேல் ஒரு சென்ரிமீற்றரை மட்டும் எடுத்து அளப்பதே புதிய வரவைக் காட்டும்.